காளிபங்கனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மு,

காளிபங்கனைப் பற்றி, அதுதான் ராஜஸ்தானில் இருக்கும் அந்தப் பழைய சிந்துவெளி நகரத்தைப் பற்றி, நீ எழுதி அனுப்பிய அத்தியாயம் வந்தது. கூடவே ரெண்டு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

அங்கே தோண்டியெடுத்த பழைய வயலின் உழவுசால் படம் அருமை. கிழக்கு மேற்காக 30 செ.மீ., வடக்கு தெற்காக 1.9 மீட்டர் இடைவெளி. குறுக்கே ஓடும் சால்களைத் தெளிவாகக் காட்டியிருக்கிறாய். அம்மா அக்கம்பக்கமெல்லாம் காட்டிவிட்டாள்.

ஆனால் முதல் பக்கத்திலேயே ‘பேராறு ஓடியதால் நகரம் எழுந்தது’ என்கிறாயே! 2017-இல் வந்த ஆய்வு உனக்குத் தெரியாததா? சட்லெஜ் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே, காளிபங்கனை ஒட்டிய கக்கர் ஆற்றுப் பள்ளத்தைக் கைவிட்டுப் போய்விட்டது. காளிபங்கன் நகரமானதோ ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன்புதான். பேராறு விட்டுப்போன அகலமான பள்ளத்தில் மழைக்கால நீர் வந்து வண்டல் படியும். கோதுமைக்கும் பார்லிக்கும் அது போதும். இமயத்து வெள்ளம் ஊரை அடித்துப்போகும் பயமும் இல்லை. அதற்காக எல்லா ஊருக்கும் இதையே பொருத்திவிடாதே. ஹரப்பா ராவிக் கரையில், மொகஞ்சதாரோ சிந்துவின் சமவெளியில் இருந்தவை.

அந்தப் பள்ளத்தின் அடியிலுள்ள சாம்பல்நிற மணல் இமயத்து ஆறு ஓடியதைச் சொல்லும், எப்போது என்று சொல்லாது. மணலில் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகள், மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லும். காலத்துக்கு, குவார்ட்ஸ் மணி கடைசியாக வெயில் பார்த்த நாளைத்தான் கேட்கவேண்டும்; புதைந்த பிறகு சுற்றுமண்ணின் கதிர்வீச்சை அது எவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கலங்கல் வெள்ளத்தில் வந்த மணி சரியாக வெயில் படாமலே புதைந்திருந்தால் வயது கூடிப்போகும்.

அந்த மணலை எடுக்கும்போது, குழாய் முழுக்க மண் நிறையும்படி அடித்து இறக்கு. குறையாக இருந்தால் ஜீப் குலுங்கி மண் கலந்துவிடும். வெளிச்சம் பட்ட இரு முனை மண்ணையும் சிவப்பு விளக்கில் கழித்துவிடு. ஈரம் அளக்கத் தனி மண்ணை காற்றுப் புகாமல் கட்டு. மண்ணிலுள்ள நீர் கதிர்வீச்சை மட்டுப்படுத்தும். கணக்கில் ஈரத்தைக் குறைத்துப் போட்டால் வயதும் குறைவாக வரும். குழியின் மணல் சுவர் சொல்லாமல் சரியும், தனியாகக் குழிக்குள் இறங்காதே. சாப்பிடுகிறாயா?

4,200 ஆண்டுகளுக்கு முன் மழை குறைந்ததையும் சனம் கிழக்கே சிறு ஊர்களாகச் சிதறியதையும் நன்றாகவே எழுதியிருக்கிறாய். அதில் கை வைக்காதே.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியப்பா வந்து போனார். அவர் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் உன்னைக் கேட்கப்போவதில்லை. படித்த பெண், உனக்கே தெரியும். ஆனாலும் மாதம் ஒரு போன்கூடவா பண்ணக் கூடாது?

மறுபடியும் சொல்கிறேன், தனியாகக் குழிக்குள் இறங்காதே. மேலே ஓர் ஆள் நிற்கட்டும். பொங்கலுக்கு டிக்கெட் போடவா என்று மட்டும் சொல். ஒன்றா, ரெண்டா என்பதையும் சொல்.

அப்பா