பழுதானால் ஆரைப் பிடிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிரலை எவரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்றதும் கம்பனிகள் பின்வாங்குவதற்கு அறியாமைதான் காரணம் என்பார்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கணனி வேலை செய்து கொடுக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளிமார் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நெல் வாங்கிற நேரம் இது நிண்டா நான் ஆரைப் பிடிக்கிற?"

நியாயமான கேள்வி. "இலவசம்" என்பது அதற்குப் பதிலல்ல. அந்தச் சொல்லுக்கு இங்கே மதிப்பும் இல்லை. பல மேசைகளில் ஓடும் விண்டோஸும் ஆபிஸும் கள்ளப் பிரதிகள்தானே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் காக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அடுத்தது பாமினி. பழைய கடிதங்கள், விலைப்பட்டியல்கள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது அது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் போட்ட கணனியில் பாமினியை நிறுவ மறந்தால், ஆபிஸுக்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் கடிதம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் வேர்ட்டிலும் இதே கதிதான், ஆனால் பழி புதிதாய் வந்ததன் மேல்தான் விழும். அன்றைக்கே கணக்காளர் பழையதைத் திரும்பப் போடச் சொல்லிவிடுவார். எக்செல் தாளுக்குள் வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த மேக்ரோக்கள் சில ஓடாமல் போவது மட்டும் உண்மையான குறை. அதை மறைக்கக் கூடாது.

இத்தனைக்கும் இந்த வகை மென்பொருளில் நம் நாடு பெயர் எடுத்தது. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த அழிவுக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிய இலங்கைப் பொறியியலாளர்கள் எழுதிய 'சகானா', பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. 2005இல் இலங்கையர் ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கம்பனி நிரலைத் திறந்து வைத்துவிட்டுப் பராமரிப்புக்குக் காசு வாங்கி வளர்ந்தது. பெரிய கம்பனிகள் அதன் மென்பொருளை எடுத்ததற்குக் காரணம், பிரச்சினை என்றால் எடுத்துப் பேச மறுமுனையில் ஆள் இருந்ததே.

கிழக்கில் இல்லாதது அந்த ஆள்தான். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து வெளியேறும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். "சும்மா கிடைக்கும்" என்று கடைவாசலில் பேச்சைத் தொடங்காமல், வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தையும் எத்தனை மணித்தியாலத்துக்குள் வந்து திருத்துவோம் என்பதையும் கடதாசியில் எழுதிக் கொடுக்கட்டும். முதலில் கடிதம் தட்டும் ஒரு கணனியை மாற்றட்டும். கணக்குக் கணனியில் அறுவடை முடியும்வரை கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணனி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.