முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று 26 வருடம் மருந்து கம்பெனியின் ரெப்பாகப் பை தூக்கி அலைந்தவன் நான். டாக்டர்கள் புது விஷயங்களைத் தெரிந்துகொள்ள நடக்கும் சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) கூட்டங்களில், மேடையில் பேசுகிற டாக்டர் எந்த கம்பெனியிடம் பணம் வாங்குகிறார் என்பதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை?

டாக்டர்கள் படித்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது இப்படிக் கூட்டங்களில் கலந்துகொள்ளவேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதியே சொல்கிறது. ஆனால் ஹால் வாடகை, சாப்பாடு, பேச வருகிறவரின் கார், அவருக்கான கவர் எல்லாம் எங்கள் கம்பெனி கணக்கு. தஞ்சாவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்க்கரை நோய் பற்றிய கூட்டத்தில், கம்பெனியே தயார் செய்த ஸ்லைடுகள் இருந்த பென்டிரைவை நானே பேச வந்த டாக்டர் கையில் கொடுத்தேன், கடைசி நான்கு ஸ்லைடும் எங்கள் புது மாத்திரையைப் பற்றியவை, முன்வரிசையில் இருந்த இளம் டாக்டர்கள் அதையும் பாடம் என்றுதான் குறித்துக்கொண்டார்கள். மறுவாரம் மெடிக்கல் ஷாப்புகளில் ஏறி இறங்கி, எந்த டாக்டர் அந்த மாத்திரைக்கு எத்தனை சீட்டு எழுதியிருக்கிறார் என்று கணக்கெடுத்ததும் நான்தான்.

அப்படி வலங்கைமானில் ஒரு கடையில் நின்றபோது, நடவுக்குப் போகிற ஒரு அம்மா அந்த மாத்திரை எழுதிய சீட்டை நீட்டினார். விலையைக் கேட்டதும், "நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் குடு தம்பி, கூலி வந்ததும் மிச்சத்தை வாங்கிக்கிறேன்" என்றார். அவருக்குப் பழைய சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினே போதுமா என்பதை நான் சொல்ல முடியாது, அது டாக்டர் வேலை. எங்கள் செலவில் நடந்த கூட்டத்துக்கும் அந்தச் சீட்டுக்கும் தொடர்பு உண்டா என்று அந்த அம்மா தெரிந்துகொள்ள வழியே இல்லை, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக்கூடாது என்று 2009லேயே திருத்தம் வந்தது. கம்பெனி பணத்தில் நடக்கும் கூட்டங்களே கூடாது என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. அப்புறம் 2024 மார்ச்சில் வந்த மத்திய அரசின் நெறிமுறைப்படி, கூட்டச் செலவை கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போடவேண்டும். சரி, போடட்டும், வலங்கைமானில் சீட்டோடு நிற்கிறவர் அதைப் போய்த் தேடுவாரா? அமெரிக்காவில் 2014 முதல், டாக்டர் பெயரைத் தட்டினால் எந்த கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று அரசு இணையதளமே காட்டுகிறது.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், ஒரு கூட்டத்தை அந்த 30 மணி நேரக் கணக்கில் சேர்க்கும்முன், செலவு யாருடையது, பேசுகிறவர் யாரிடம் என்ன வாங்குகிறார் என்று எழுதி வாங்கட்டும். அதை முதல் ஸ்லைடிலும் அழைப்பிதழிலும் போடச் சொல்லட்டும், தன் இணையதளத்தில் தமிழிலும் வெளியிடட்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், டாக்டர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அங்கேயே கூட்டம் நடத்தினால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

ஓய்வுபெற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதி,
கும்பகோணம்.