வரி மடிந்த கவிதை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு. இங்கே அனைவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உடனே எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், சென்ற வாரம் ஒரு பெரிய வார இதழில் நாம் அந்தக் காலத்தில் நடத்திய சிற்றிதழைப் பற்றி வெளிவந்த கட்டுரை.

அந்த வார இதழின் உதவி ஆசிரியர் இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்து, நம்முடைய 11 இதழ்களையும் ஒரு மாலை முழுவதும் புரட்டிப் பார்த்தார். அட்டையில் ஏன் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறோம் எனக் கேட்டார். பதிவு எண் இல்லாமல் வந்த சிற்றிதழ்கள் பலவும் அப்படித்தான் போட்டுக்கொண்டன என்றேன். நல்ல பிள்ளை, அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் அச்சில் வந்ததைப் பார்த்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் இதழில் எழுதிய சின்னவனின் கவிதையைப் பத்தியின் அகலத்துக்கு ஏற்ப, வரிகளை ஒன்றோடொன்று சேர்த்து உரைநடையைப் போல ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே அவனைப் பற்றி, 'சிற்றிதழில் தொடங்கிப் பெரிய இதழ்களுக்கு வளர்ந்தவர்' என்ற குறிப்பு.

சிற்றிதழ் வெறும் முதல் படி என்பதுபோல் ஒலிக்கும் அந்த 'வளர்ந்தவர்' என்ற சொல்தான் என்னை வருத்துகிறது. 1959 ஜனவரியில் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று அதன் ஆசிரியர் சி.சு. செல்லப்பா அறிவித்தார். எத்தனை பேருக்காக, எப்படிப்பட்ட வாசகருக்காக இதழ் நடத்துகிறோம் என்று தெரிந்த ஒருவர் தானே போட்டுக்கொண்ட வரம்பு அது. அந்த வரம்போடு, 1970 வரை 119 இதழ்களைக் கொண்டுவந்தார். தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதில் அந்த இதழின் பங்கு எவ்வளவு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிற்றிதழ்களுக்கும் பெரிய இதழ்களுக்கும் நடுவே சுவர் இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். 'மணிக்கொடி' என்ற இலக்கிய இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எஸ். சொக்கலிங்கம்தான் 1934இல் 'தினமணி' நாளிதழுக்கு ஆசிரியரானார். புதுமைப்பித்தனும் அங்கே வேலை பார்த்தார். வார இதழ்களில் தொடர்கதை எழுதிப் புகழ்பெற்ற சுஜாதாதான் 'கணையாழி' என்ற இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தையும் எழுதினார். நான் ஒரு வார இதழுக்குக் கதை கொடுத்தபோது நீ ஆறு மாதம் என்னோடு பேசவில்லையே, அப்போது இந்தப் பெயர்களையெல்லாம் அடுக்கித்தான் உன்னிடம் வாதாடினேன். 'வாசகன் எங்கிருந்தாலும் வாசகன்தான்' என்றேன். இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் உன் கோபத்தில் பாதி நியாயம் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது ஒப்புக்கொண்டானே என்று நீ அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

எட்டாவது இதழ் நினைவிருக்கிறதா? அதே கவிதையின் கடைசி வரி இடம் போதாமல் மடிந்துவிட்டது என்று சின்னவன் அச்சகத்து வாசலில் வந்து நின்றான். அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஈய எழுத்துகளைப் பிரித்துப் புதிதாகக் கோர்த்தார். 300 பிரதிகளுக்கும் அந்தப் பக்கங்கள் அடங்கிய ஃபாரத்தை ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் மறுபடியும் ஓட்டினோம். காகிதச் செலவுக்கு நீ உன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தாய். ஒரு வரிக்காக அப்படிச் செய்ய நம்மால் முடிந்தது. லட்சக்கணக்கில் அச்சாகும் இதழில் யாருக்கும் அதற்கு நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. திருத்திக் கேட்கச் சின்னவன் இன்று இல்லை.

ஆகவே 12ஆம் இதழைக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதே 300 பிரதிகள், அதே டெமி அளவு. விற்பனைக்கு வேண்டாம், பழைய சந்தாதாரர்களில் இருப்பவர்களுக்கு அனுப்புவோம். சின்னவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. அதை எழுத்துக் கோர்க்காமல், அவன் கையெழுத்திலேயே முதல் பக்கத்தில் அச்சிட விரும்புகிறேன். சந்தா நோட்டோடு சேர்த்துப் விரைவுத் தபாலில் அனுப்பு. தாளை மட்டும் மடிக்காதே. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி