டேப் பிடித்தவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த போலந்துப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வார்சாவின் பழைய நகரத்துக்கு அதில் ஆறேழு வரிதான். போரில் அழிந்த ஊரை ஓர் ஓவியரின் படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள், எல்லாமே நகல், அரை மணி நேரம் போதும் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். போன மே மாதம் நானும் அங்கே ஒரு பகல் இருந்துவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவன் என்பதால் அந்த வரிகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மகள் கிராக்கோவில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து காலை ரயிலில் இரண்டரை மணி நேரம். வார்சாவின் அரண்மனை முற்றத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டியிருந்தது. சரியாக 11.15-க்குக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதினார்கள். 1939 செப்டம்பர் 17-ஆம் தேதி குண்டு விழுந்து அரண்மனை தீப்பிடித்தபோது கோபுரக் கடிகாரம் நின்றுபோன நேரம் அதுதான் என்று மகள் சொன்னாள். சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகள்கூட ஊதி முடிக்கும்வரை பேசவில்லை.

அரண்மனைச் சுவரை ஒட்டிப் புல்தரையில் இரண்டு பெரிய கல்தூண்கள் உடைந்து கிடக்கின்றன. முற்றத்தின் நடுவே நிற்கும் சிகிஸ்மண்ட் மன்னர் சிலையை முன்பு தாங்கி நின்றவை அவை. ஒன்று 1644-இல் நிறுத்தியது. மற்றொன்று அதற்குப் பதிலாக 1887-இல் வைத்த கருங்கல் தூண். 1944 செப்டம்பரில் ஜெர்மானியப் படை அதைச் சாய்த்துவிட்டது. துண்டுகளில் குண்டு பட்டுப் பெயர்ந்த இடங்களைக் கையால் தடவிப் பார்த்தேன். விரல் நுனி உள்ளே போகிற அளவுக்குக் குழி, விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. புதுத் தூண் 1949-இல் எழும்பிவிட்டது. பழையதை அள்ளிக் கொட்டாமல் பக்கத்திலேயே கிடத்தி வைத்திருக்கிறார்கள். நகலைக் காட்டி ஏமாற்ற நினைப்பவர்கள் இப்படிச் செய்வார்களா?

இப்போது ஓவியர் விஷயத்துக்கு வருகிறேன். வெனிஸ் நகரத்து பெர்னார்தோ பெலோத்தோ 1760-களின் கடைசியில் வார்சாவுக்கு வந்து மன்னருக்காக ஊரை வரைந்தவர். அவருடைய படங்கள் உதவியது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் அரண்மனையிலிருந்து தெற்கே போகும் ராஜபாட்டையையும் தேவாலயங்களையும் காட்டுபவை. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அவர் சில கட்டடங்களை மாற்றியும் வரைந்திருக்கிறார். ஓவியத்தை வைத்துக்கொண்டு முகப்பின் சாயலைப் பிடிக்கலாம். சுவர் எத்தனை கனம், ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் எத்தனை இடைவெளி, படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்பதை எல்லாம் எதை வைத்துச் சொல்வது? அதற்கு அளவெடுத்த வரைபடம் வேண்டும், பிளானும் செக்‌ஷனும் வேண்டும்.

அந்த வரைபடங்கள் வார்சாவில் இருந்தன. போருக்கு முன்பே வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள், பாடத்தின் ஒரு பகுதியாகப் பழைய கட்டடங்களை டேப் பிடித்து அளந்து வரைந்து வந்தார்கள். அந்தத் துறையைத் தொடங்கிய பேராசிரியர் ஆஸ்கர் சொஸ்னோவ்ஸ்கி 1939 முற்றுகையில் படுகாயமடைந்து இறந்துபோனார். ஆக்கிரமிப்புக் காலத்திலும் வேலை ரகசியமாகத் தொடர்ந்தது. 1944 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மானியர்களுக்கு எதிராக வெடித்த எழுச்சி 63 நாளில் ஒடுங்கியது. அதன்பின் மிச்சமிருந்த வீடுகளையும் ஜெர்மானியர்கள் வரிசையாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தார்கள். பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நிலையில், கட்டடக்கலைஞர் யான் ஸாக்வாத்தோவிச்சும் அவருடைய சகாக்களும் வரைபடங்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோய், பியோட்ரிகூஃப் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். நெஞ்சுக்கு நெருக்கமாக ஒரு காகிதச் சுருளை வைத்துக் காப்பாற்றியதைப் போல எனக்குத் தோன்றியது. டிரேசிங் பேப்பர் ஈரத்தில் என்ன பாடுபடும், எவ்வளவு சீக்கிரம் கிழியும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், எல்லாமே நகல் என்று கட்டுரையாளர் சொன்னதும் சரியில்லை. வீடுகளுக்குப் பின்னால் இருட்டாக நெருக்கியடித்துக் கிடந்த கொல்லைக் கட்டடங்களைத் திரும்பக் கட்டாமல், வெளிச்சமும் காற்றும் வர இடம் விட்டார்கள். பழைய முகப்புகளுக்கு உள்ளே சாதாரணக் குடும்பங்களுக்கான வீடுகள் அமைத்தார்கள். முகப்புகளில் பூச்சைக் கீறி வரைந்த சித்திரங்களில் பல, 1953-ஐ ஒட்டி அன்றைய ஓவியர்கள் புதிதாகச் செய்தவை. சந்தைச் சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது ஒரு மேல்மாடி ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

அருளப்பர் பேராலயத்தின் பக்கச் சுவரையும் கட்டுரையாளர் பார்க்காமல் போயிருக்கிறார். எழுச்சியின்போது ஜெர்மானியர்கள் வெடிமருந்து ஏற்றி அனுப்பிய வண்டியின் இரும்புச் சங்கிலிப் பட்டை ஒன்றைச் செங்கல்லுக்கு நடுவே பதித்து வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்து, பல் பல்லாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைக் கடந்துதான் ஆட்கள் தினமும் நடந்து போகிறார்கள்.

இந்தப் பகுதியை யுனெஸ்கோ 1980-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, திரும்பக் கட்டிய அந்த உழைப்பையே காரணமாகச் சொன்னது. 2011-இல், ஊரைத் திரும்பக் கட்டும் வேலையைப் பார்த்த புனரமைப்பு அலுவலகத்தின் ஆவணங்களையும் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. வரைபடக் கட்டுகளுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததை அறிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போட்டு, அளவெடுத்த அந்த மாணவர்களைப் பற்றி எழுதுங்கள். ஓவியரின் பெயர் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போகிற வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 11.15-க்கு முன்னால் அரண்மனை வாசலில் இருங்கள். பிறகு பிரசோவா தெருவில், நிலவறைகளில் நடக்கும் பாரம்பரிய விளக்க மையத்துக்குப் போங்கள். இடிபாடு முதல் கூரை வரை அங்கே படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்,
திருச்சி.