மரவேலை மேசைக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருநகரில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிவந்த மரவேலை மேசை முடிந்துவிட்டது. அதன் மேல் முதல் வேலையாகப் பூஜை அறைக்கான கதவு ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. 6 அடி நீளமும் 2.5 அடி அகலமும் 34 அங்குல உயரமும் கொண்ட இந்த மேசையில் இழைக்கலாம், அறுக்கலாம், துளையிடலாம், மரத்தைக் குடையும் ரூட்டர் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பூட்டிக் காடி என்னும் நீளப் பள்ளமும் எடுக்கலாம். இத்தனைக்கும் ஒரே மேசை ஈடுகொடுக்கிறது என்றால், அதற்கான யோசனைகளில் பெரும்பாலானவை உங்களிடமிருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், யார் சொன்னது மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி திருப்பரங்குன்றத்து ஆசாரியாருக்கு. நிலை, கதவு, கட்டில் என எதுவானாலும் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்து பழகியவர் அவர். நின்று வேலை செய்யும் மேசைக்கு அவரிடமா யோசனை கேட்பது என்று நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். அவரோ, தம்முடைய இரண்டு கால்களும் செய்கிற வேலையை இந்த மேசையில் எது செய்யப்போகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மரத்தை அசையாமல் பிடிப்பதுதான் மேசையின் முதல் கடமை என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஆகவே மரத்தைப் பிடிக்கும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு ஏற்ப அமைத்தோம். முன்பக்கக் கால்களின் முகமும் மேற்பலகையின் விளிம்பும், மரத்தைக் கடித்துப் பிடிக்கும் இடுக்கியான வைஸின் உள்தாடையும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால், நீளமான பலகையின் ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் காலோடு கிளாம்பு போட்டு, அதன் விளிம்பை இழைக்க முடிகிறது. மேற்பலகைக்குக் கீழே 4 அங்குலம் வெற்றிடம் விட்ட பிறகே இழுப்பறை தொடங்குகிறது; கிளாம்பின் வாய் நுழைய அந்த இடம் வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

சட்டங்களை இணைத்த முறையும் அவருடையது. இழைப்புளியைத் தள்ளும்போது மேசையின் மீது நீளவாக்கில்தான் விசை விழுகிறது. போல்ட் போட்டால் நாளடைவில் அது தளரும் என்று சொல்லி, கால்களில் துளையடித்துக் குறுக்குச் சட்டங்களின் முனைகளைத் துளைக்குள் நுழையும் கழுந்தாக மெலித்துச் செருகி, மூங்கில் ஆணி அடிக்கச் சொன்னார். கழுந்தில் போடும் ஆணித் துளையை, காலில் உள்ள ஆணித் துளையோடு நேராக வைக்காமல், தோள்பக்கமாக, அதாவது கழுந்து சட்டத்தோடு சேரும் பக்கமாக, அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளிப் போட வேண்டும். அப்போது மூங்கில் ஆணி உள்ளே இறங்க இறங்கச் சட்டத்தைத் தானே காலோடு இழுத்து இறுக்கிவிடுகிறது. அந்த இணைப்பில் பசையே இல்லை. இன்று மேசையை முழு பலத்தோடு தள்ளினாலும் ஒரு கிறீச்சொலி கேட்பதில்லை.

கால்களுக்கான மரத்தைக் காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரம் விற்கும் ஒரு கடையிலிருந்து வாங்கித் தந்தவர் எங்கள் தெருவின் மரக்கடைக்காரர். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்கின் உத்திரத் துண்டுகள் அவை. நான்கு கால்களுக்கும் சேர்த்து ஒன்றேகால் கன அடிக்கும் சற்றுக் குறைவாகவே தேவைப்பட்டது என்பதால் விலை தாங்கக்கூடியதாக இருந்தது. பழைய மரத்தை வாளில் கொடுக்கும் முன் காந்தம் ஒன்றை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உடைந்து உள்ளே நின்றுவிட்ட ஆணிகளை அது காட்டிக்கொடுத்ததால் வாளின் பல் தப்பியது.

மேற்பலகையைப் பற்றி ஆசாரியாரும் மரக்கடைக்காரரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. முழு மரப் பலகைதான் வேண்டும் என்றார் முன்னவர். பிளைவுட் போதும் என்றார் பின்னவர். சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி மழையில் அகலவாக்கில் உப்பும் பலகையைவிட, அடுக்குக்கு அடுக்கு இழையோட்டம் மாறி மாறிச் செல்லும் பிளைவுட் மட்டம் குலையாமல் இருக்கும் என்பதால், நான் பிளைவுட் பக்கம் சாய்ந்தேன். (மதுரையில் மழைக்குப் பயந்து மேசை செய்பவனை முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று ஆசாரியார் சிரித்ததையும் பதிவு செய்துவிடுகிறேன்.) நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 19 மில்லிமீட்டர் பிளைவுட் தாள் மூன்றை ஒட்டி 57 மில்லிமீட்டர் கனம் ஆக்கினோம். மேற்பலகை மட்டுமே ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அந்தப் பாரம்தான் மேசையை நகரவிடாமல் வைத்திருக்கிறது. ஒட்டும் அன்று செல்லூரில் சோபா செய்யும் நண்பர் தம் பட்டறையின் கிளாம்புகள் அத்தனையையும் கொண்டுவந்தார். கிளாம்பின் பிடி விளிம்போடு நின்றுவிடும் என்பதால், நடுவில் லேசாகப் புடைக்கும்படி இழைத்த சட்டங்களைக் குறுக்கே வைத்து இறுக்கி, பலகையின் நடுப்பகுதிக்கும் அழுத்தம் போகச் செய்தது அவருடைய கைத்திறன்.

மேசையின் உயரத்தை முடிவு செய்தவர், ஐ.டி.ஐ.யில் தச்சுப் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டமே பலவிதமான வேலைக்கும் பொதுவான உயரம் என்று சொல்லி, என்னை நிற்கவைத்து அளந்தார். நுணுக்கமான வேலைக்கு மேலே பூட்டிக்கொள்ள 6 அங்குல உயரப் பெட்டியையும் அவரே வரைந்து தந்தார். அறுவை இயந்திரத்தின் மேசையும் இதே மட்டத்தில் இருப்பதால், 8 அடித் தாளை அறுக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

வில்லாபுரத்துக் கொல்லருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மேற்பலகையில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக, ஆறு நூல் விட்டமுள்ள துளைகள் இருக்கின்றன. அவற்றில் இறக்கி மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிப்பதற்காக 18 மில்லிமீட்டர் கம்பியைக் காய்ச்சிக் கைத்தடி போல வளைத்துக் கொடுத்தார். துளையைவிடக் கம்பி சற்று மெலிதாக இருப்பதால், தலையில் ஒரு தட்டு தட்டினால் அது சாய்ந்து கடித்துக்கொள்கிறது. பின்புறம் தட்டினால் விட்டுவிடுகிறது. முதலில் வழுக்கிய கம்பியை உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேய்த்து, அதற்குப் பிடிப்பு வரச் செய்ததும் அவர்தான்.

மழைநீர் ஓடுவதற்காகக் கொட்டகைத் தரை வாசல் பக்கம் சரிந்திருப்பதைத் தண்ணீர் டியூபால் காட்டி, ஒவ்வொரு காலின் அடியையும் தரைக்கு ஏற்பக் குறித்துக்கொடுத்த கொத்தனாருக்கும், மீட்டர் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுவிட்சையும் பொருத்திய மின்பணியாளருக்கும் நன்றி. பிள்ளைகளின் தேர்வுக் காலத்திலும் மாலை ஒரு மணி நேரம் இயந்திரச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், காரை இனி வெயிலில்தான் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொண்ட என் மனைவிக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

செல்லூர் நண்பரின் கிளாம்புகளை எண்ணெய் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன். ஆசாரியார் மட்டும் மேசை முடிந்த பிறகு இன்னும் வந்து பார்க்கவில்லை. பிளைவுட்டின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் தணிந்திருந்தால், கதவுக்கு நிறம் பூசும் முன் ஒருமுறை வந்து, அதன் மூலை இணைப்புகளைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
திருநகர், மதுரை