பெயர் சொல்லாத அந்த டெக்னீஷியன் அக்காவுக்கு நன்றி

அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன், பூர்வகுடிப் பட்டதாரிகளையும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஓரிரு ஆண்டு சம்பளத்தோடு ஆய்வகத்தில் வைத்து முனைவர் படிப்புக்குத் தயார்படுத்த, தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் அமைந்தது பிரெப் திட்டம். அப்படி நரம்பியல் ஆய்வகத்துக்கு வந்தவர்களுக்கு யாரும் கேட்காமலே நீங்கள் கைகொடுத்தீர்கள், அக்கா. இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட வேண்டும்.

எலி மூளை 30 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலில் அடிவரை மூழ்கிய பிறகுதான் உறைய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பனிப்படிகங்கள் திசுவை ஓட்டை ஓட்டையாக்கிவிடும். பாதி மிதந்த மூளையுள்ள குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இது இன்னும் ஆகல" என்றீர்கள். உறைந்த திசுவை மெல்லிசாகச் சீவும் கருவியான மைனஸ் 20 டிகிரி கிரையோஸ்டாட்டில் சுருளும் 40 மைக்ரான் சீவலைப் பிரஷ் நுனியால் விரிக்கும் பக்குவமும் உங்களிடம் வந்ததுதான்.

அதைவிடப் பெரிது, முனைவர் படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரைகளை வாசித்தது. "நாங்கள் செய்தோம்" என்ற இடமெல்லாம் கோடிட்டு, "இதில் நீ செய்தது எது? கண்ட்ரோல் (ஒப்பிட வைத்த குழு) எது, ஏன்?" என்று ஓரத்தில் எழுதினீர்கள். நேர்காணலில் பேராசிரியர்கள் துருவுவதும் இதைத்தான். டிசம்பர் கெடுவுக்கு அக்டோபரிலேயே பரிந்துரைக் கடிதம் கேட்கவும், விண்ணப்பக் கட்டண விலக்கைப் பணம் கட்டும் முன்பே கோரவும் நினைவூட்டினீர்கள். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. வசதியில்லாத பிள்ளைக்கு அது பெரிய தொகை.

இதெல்லாம் உங்கள் வேலைப் பட்டியலில் இல்லாதவை. மனமார்ந்த நன்றி, அக்கா.