தோள் அல்ல, கால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில் கல்லூரிப் படகோட்டப் போட்டியின் படம் போட்டு, கீழே 'தோள் வலிமைக்கு ஒரு சோதனை' என்று எழுதியிருந்தீர்கள். சிரிப்பு வந்தது, கொஞ்சம் ஆற்றாமையும். "எனக்கு எங்கேடி கையில பலம்?" என்று சொல்லித்தான் என் தோழிகள் மூன்று பேர் அணித் தேர்வுக்கே வரவில்லை.

நான் சேர்ந்தபோது துடுப்பைத் தொட்டதுகூடக் கிடையாது. நீச்சல் தெரியுமா என்பதை மட்டும் கறாராகச் சோதித்தார்கள். (அதில் சலுகை கூடாது, சரிதான்.) அப்புறம் மூன்று வாரம் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. எர்க் என்கிற பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்து ஒரே பாடம்: முதலில் காலால் உதை, பிறகு முதுகைச் சாய், கடைசியில்தான் கையை மடக்கி இழு. திரும்பும்போது அப்படியே தலைகீழ். இருக்கைக்குச் சக்கரம் வைத்திருப்பதே கால் உதைப்பதற்காகத்தான். எது உழைத்தது என்பதை மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை சொன்னது.

எட்டுப் பேர் படகு கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளம். அகலமோ உட்கார்ந்தால் இடுப்புக்கு அப்பால் மிச்சமில்லை. முதல் நாள், துடுப்பை வெளியே எடுக்க நான் ஒரு நொடி பிந்தினேன். அதன் தட்டு தண்ணீருக்குள் சாய்ந்து மாட்டிக்கொண்டது. படகு போகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து விலாவில் ஒரு இடி. மூச்சே நின்றுவிட்டது. படகு ஒரு பக்கம் சாய, எல்லோரும் துடுப்பை நிறுத்தினார்கள். இதற்கு 'நண்டு பிடிப்பது' என்று பேராம். படகில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் காக்ஸ். திசை திருப்புவதும் தாளம் சொல்வதும் அவள் வேலை. "நண்டு பெரிசா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். பலமாக இழுப்பதைவிட, முன்னால் இருப்பவளின் முதுகைப் பார்த்து அவளோடு சேர்ந்து இழுப்பதுதான் வித்தை என்று அன்றைக்கு உறைத்தது.

தாமதமாகத் தொடங்கினால் என்ன? பிரிட்டனின் ஹெலன் குளோவர் 2008-ல்தான் படகோட்டப் பழகினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹெதர் ஸ்டானிங்குடன் தங்கம் வாங்கினார். நாங்கள் அந்த ரகம் இல்லை. எங்கள் முதல் 2000 மீட்டர் போட்டியில் கடைசி. துடுப்பு போடுகிறவர்கள் பின்பக்கம் பார்த்துத்தானே உட்காருகிறோம்? முந்திப் போகிறவர்களுக்கு மற்ற படகுகள் எல்லாம் தெரியும். எங்களுக்கு வெறும் தண்ணீர். கரையேறி, படகைத் தோளில் சுமந்து போய் வைத்தோம். தோளுக்கு வேலை வந்தது அப்போதுதான்.

அடுத்த முறை படம் போடும்போது கால்களும் தெரிகிற படமாகப் பார்த்துப் போடுங்கள். அந்த மூன்று பேருக்கும் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி